உல்லபூலில் அடித்த காற்று

திரையில் ஐந்தாவது மோட்டார் சைக்கிளும் சரிந்து விழுந்ததும் அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மால்கம் ஹெப்வொர்த் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் வேறொன்றும் இல்லை. வயதான மோட்டார் சைக்கிள்காரர்கள் சிலர் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிப் போகும் வழியெல்லாம் அசடு வழிகிறார்கள். அதில் ஒரு தொப்பைக்காரன், கடலோர மீன்-சிப்ஸ் கடை வாசலில் சைடு ஸ்டாண்டு போட மறந்து இறங்குகிறான். அவன் வண்டி பக்கத்து வண்டிமேல் சாய, அது அடுத்ததன்மேல் சாய, வரிசையே தரையில் படுக்கிறது. கூட்டாளிகள் ஓடி வந்து கேட்டால், "காத்துடா! என்னா காத்து!" என்கிறான்.

மால்கமுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பதினோரு வருஷத்துக்கு முன் ஸ்காட்லாந்தின் உல்லபூல் துறைமுகத்தில் அவர் செய்த காரியம் அது. சொன்ன பொய்யும் அதே பொய்தான். தொப்பைகூட அவருடையதுதான்!

"எந்தப் பாவி சொல்லியிருப்பான்?" என்று வாய்விட்டே கேட்டார்.

"உஷ்!" என்றது பின்வரிசை.

யோசிக்கவே வேண்டியதில்லை, நைஜல்தான். அன்றைக்கு வண்டிகள் விழுந்த கையோடு கழிவறையிலிருந்து வெளியே வந்தவன் மால்கமை ஒரு பார்வை பார்த்தான். நைஜல், ராட்னி, மால்கம் மூவரும் இருபத்திரண்டு வருஷமாக ஜூன் மாதம் தவறாமல் ஒன்றாக வடக்கே போகிறவர்கள். இந்தச் சனிக்கிழமையும் கிளம்புவதாக இருந்தது. வருஷம் முழுக்க மால்கம் உயிரோடு இருப்பதே அந்தப் பத்து நாளுக்காகத்தான். அதனால் துரோகம் இன்னும் அதிகமாக எரிந்தது.

படம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் நேரே நைஜலின் கராஜுக்குப் போனார். நைஜல் கூடாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"யார்கிட்டடா சொன்ன?"

"எத?"

"உல்லபூல்ல நான் ஸ்டாண்டு போட மறந்தத!"

நைஜல் கயிற்றைக் கீழே வைத்தான். "அப்ப அது காத்து இல்லையா?"

"நடிக்காதடா! அன்னைக்கு நீ என்னைப் பாத்தல்ல, ஒரு பார்வை?"

"என் சிப்ஸ் மேல வினிகர ஊத்தி வெச்சிருந்த. அதான்டா முறைச்சேன்!"

அப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து, கையில் எண்ணெய்த் துணியோடு, மெல்ல எழுந்து நின்றான் ராட்னி.

"காத்து இல்லையா?" என்றான். "டேங்க்ல டொக்கு விழுந்துச்சே, அது எங்கப்பா வண்டிடா. புயல் வரும்னு ஏன் முன்னாடியே சொல்லலன்னு பதினோரு வருஷமா வானிலைத் துறைக்கு லெட்டர் போட்டுட்டிருக்கேன் நான். அன்னைக்குக் காத்தே அடிக்கலன்னு அவங்க மூணு தடவை பதில் எழுதினாங்க. புளுகுமூட்டைங்களான்னு திட்டி எழுதினேன்டா!"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். மால்கமுக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

"நான் மட்டுமா பொய் சொன்னேன்?" என்று நைஜலைக் கைகாட்டிப் பாய்ந்தார். "போன வருஷம் மழையில நனைஞ்சமே, டென்ட் கம்பிய எவனோ திருடிட்டான்னு இவன் சொன்னானே! திருடவே இல்ல. வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டான்!"

"டேய்! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேடா!" என்று நைஜல் அலறினான்.

ராட்னி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்த மழையிலதான் எனக்கு நிமோனியா வந்துச்சு," என்றான். "சனிக்கிழமை நான் தனியாப் போயிக்கிறேன். எவனும் என் பின்னாடி வரக் கூடாது."

"என் வீட்டு வாசல மிதிக்காத," என்று நைஜல் மால்கமின் முகத்துக்கு நேராகவே கராஜ் கதவை இழுத்துச் சாத்தினான்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. மிச்சம் இருந்தது மனைவி ஜானிஸ் ஒருத்திதான்.

"நீதான் எவன்கிட்டயோ உளறியிருக்க!"

"என்னத்த உளறினேன்?"

மால்கம் கத்திக் கத்தி முழுக்கதையையும் ஒப்பித்தார். ஜானிஸ் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"என்கிட்டயும் காத்துன்னுதான சொன்ன? அத நம்பித்தான் உன்ன இத்தனை வருஷமா ரோட்டுல விட்டேன். ஸ்டாண்டு போடக்கூடத் தெரியாதவனுக்கு எதுக்கு வண்டி? சாவியக் குடு."

"ஜானிஸ்..."

"குடுன்னேன்ல!"

மறுநாள் மதியம் தோல் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக, பள்ளிப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க, பேருந்தில் ஏறி, படம் ஓடும் கீத்லி ஊர்த் தியேட்டருக்குப் போனார் மால்கம். நண்பர்கள் போனார்கள், பயணம் போனது, வண்டியும் போனது. இதற்கெல்லாம் காரணமான அந்தப் படத்தை நிறுத்தாமல் வீடு திரும்புவதில்லை என்று வழி நெடுக முனகிக்கொண்டே போனார்.

தியேட்டர் வாசலில் நீண்ட வரிசை நின்றது. எல்லாம் நரைத்த தலைகள், தோல் ஜாக்கெட்டுகள், அக்குளில் ஹெல்மெட்டுகள். என் மானம் கப்பலேறுவதைப் பார்க்க எத்தனை பேர் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட வரிசையை மீறாத மனிதர், எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் கண்ணாடிச் சன்னலைக் குத்தினார்.

"படத்த நிறுத்துங்க! அந்தக் குண்டன் நான்தான். அது என் கதை!"

உள்ளே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படம் பாக்க வந்தவங்க நேரா உள்ள போலாம் சார். 'அது என் கதை'ன்னு சண்டை போட வந்தவங்க வரிசைதான் இது. கடைசில போய் நில்லுங்க."