நோட்டில் எழுதாமல் விட்ட பெட்ரோல்

சித்தூர்,
திங்கட்கிழமை.

ஆயுசும் படிப்பும் மேன்மேலும் பெருக வேண்டிய என் பேத்தி அகிலாவுக்கு, ஆயா அலர்மேல்மங்கை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே பத்மாவதித் தாயார் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். நீ அங்கே திருப்பதி ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி உதயா டிகிரி முதல் வருஷத்தில் எல்லாப் பாடமும் பாஸ். உன் அத்தை மகள் மோனிகா மாவட்டக் கோ-கோ போட்டியில் கோப்பை வாங்கினாள். அதை அவள் அம்மா அரிசி அளக்க எடுத்துக்கொண்டாள். நீயோ எம்.டெக். தெருவில் யாராவது மணி கேட்டால்கூட முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மணி சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், நிதானமாகப் படி. வியாழக்கிழமை சாருங்க எல்லார் முன்னாலயும் நீ பெட்ரோல் மிச்சத்தைப் பத்திப் பேசப்போறியே, அதுல நம்ம வீட்டுக் காரைப் பத்தின பக்கத்தை மாத்திடு. நான் எழுதிக் குடுத்த நோட்டு சரியில்ல. போன்ல சொல்லலாம்னா உங்க நைனா ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பக்கத்துலயே நிக்கிறான். நான் பெத்த புள்ளதான், ஆனா அவன் வண்டியைப் பத்தி ஒரு சொல்லு பொறுக்க மாட்டான்.

மூணு மாசம் முன்னாடி புது வண்டி வந்தப்ப, “பழைய கார் லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் குடுத்துச்சு ஆயா, இது இருபத்திநாலு குடுக்கும், பெட்ரோல் பாதியாகுதான்னு பார்க்கணும், வண்டி எங்க போனாலும் எழுது”ன்னு நோட்டைக் குடுத்துட்டுப் போன. உங்க நைனாவை நம்பாம என்னை நம்பினியேன்னு பூரிச்சுப்போய், பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டு எழுதினேன். எழுதினதெல்லாம் நிஜம். எழுதாததுதான் ஜாஸ்தி. திருச்சானூர் தாயார் கோயிலுக்குப் போனதை எழுதலை. சாமியைப் பார்க்கப் போனதுக்குக் கணக்கு வெச்சா புண்ணியம் நிக்குமா? நான் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, கட்டுப் போட புத்தூருக்கு நாலு வாட்டி போனோமே, அதையும் எழுதலை. கெட்டதை எழுதி வெச்சா திரும்ப வரும்னு எங்கம்மா சொல்லுவாங்க. வேலூர்ல ஏகாம்பரம் மாமா துக்கத்துக்கு ஒரு வாட்டி, காரியத்துக்கு ஒரு வாட்டி. அதைப் பிள்ளையார் சுழிக்குக் கீழ எந்தக் கையால எழுதறது? மிச்சம் இருந்தது உங்க நைனா மாம்பழக் கூழ் பாக்டரிக்குப் போய் வந்ததுதான். அதைக் கூட்டிப் பார்த்துட்டுத்தான் நீ, “மாசம் இருபது லிட்டர் பத்தாயிடுச்சு ஆயா, நம்ம வீடுதான் என் முதல் உதாரணம்”னு போன்ல குதிச்ச. நான் தட்டுல இட்லியை அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டேன்.

அப்பால நானே வண்டிக்குள்ள ஏறி, உங்க நைனா சொருகி வெச்சிருந்த பெட்ரோல் பங்க் சீட்டையெல்லாம் எடுத்து மூணு வாட்டி கூட்டினேன். மூணு மாசத்துக்குத் தொண்ணூத்தாறு லிட்டர். மாசம் முப்பத்திரெண்டு! பழைய காரே இருபதுதான் குடிச்சுது.

வண்டி மேல தப்பில்ல கண்ணு. சொன்னபடி இருபத்திநாலு குடுக்குது. அது குடுக்கக் குடுக்க நாங்க போய்க்கினே இருக்கோம். பழைய காரை எடுக்கணும்னா உங்க நைனா ஒரு வாரம் யோசிப்பான். இப்ப, “மைலேஜ் குடுக்கிற வண்டியைச் சும்மா நிறுத்தி வெச்சா நமக்குத்தாம்மா நஷ்டம்”னு சொல்லிக்கினு தெருமுனைக்குக் கொத்தமல்லி வாங்கக் கிளம்பறான். “கொத்தமல்லிக்கு சீட் பெல்ட் போட்டுக் கூட்டியாங்க”ன்னா உங்கம்மா. அதுக்கும் சிரிச்சுக்கினே போறான்.

போன வாரம் திருப்பதி பஸ் கண்டக்டர் கங்கையா கடைவீதியில என்னைப் பார்த்துட்டு, “ஏமம்மா, மம்மல்னி மர்ச்சிபோயாரா?”ன்னார். உங்களையெல்லாம் மறக்கலைப்பா, கார் வந்துட்டுதுன்னேன். “உங்க சீட்டு காலியாவே போய்க்கினு வருதும்மா”ன்னார். அப்பத்தான் சுருக்குன்னுது. நாங்க ஏறலைன்னு பஸ்ஸு நிக்குமா? அது டீசல் குடிச்சுக்கினு முன்னால போவுது, நாங்க பெட்ரோல் குடிச்சுக்கினு பின்னாலயே போறோம். லிட்டருக்கு எவ்ளோ தூரம்னு மட்டும் கேட்டா பாதிதான் தெரியும். எத்தனை வாட்டி போனாங்க, எதை விட்டுட்டு இதுல ஏறினாங்கன்னும் கேக்கணும்னு உன் சாருங்ககிட்ட சொல்லு. கோவிச்சாங்கன்னா எங்க ஆயா எழுதாம விட்டுட்டாங்கன்னு என் பேரைச் சொல்லிடு. அஞ்சாங்கிளாஸ் படிச்சவளை அவங்க என்ன பண்ணிடுவாங்க? என்னால நீ ஒருத்தர் முன்னாடி தலை குனியக் கூடாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். திருச்சானூருக்குன்னு கிளம்பினது ஏழு வாட்டி. தாயாரைப் பார்த்தது மூணு வாட்டிதான். மத்த நாலும் நேரா உன் ஹாஸ்டல் கேட்டுக்குத்தான். கோயில்ல ஒரே கூட்டம், அதான் இங்க வந்துட்டோம்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய். நாங்க வந்து போனதை நோட்டுல காணோமேன்னு உனக்கும் தோணலை. பஸ் காலத்துல ரெண்டு மாசத்துக்கு ஒரு வாட்டிதானே உன்னைப் பார்ப்பேன்? அந்தப் பெட்ரோலை உன் பேச்சுல எங்க வேணா சேர்த்துக்கோ, வீண்னு மட்டும் எழுதாத.

இனிமே வண்டிச் சாவி என் பருப்பு டப்பாவுல. உங்க நைனாவும் சரின்னு தலையாட்டிட்டான். உன்னைப் பார்க்கவும் கங்கையா பஸ்ஸுலதான் வருவேன். இது சத்தியம்.

வியாழக்கிழமை தலைக்கு எண்ணெய் வெச்சுக்கினு, வயித்துக்குத் துன்னுட்டு, பயப்படாம நின்னு பேசு. தாயார் உன் நாக்குல துணை இருக்கட்டும்.

உன் மேல உசுரா இருக்கும்,
ஆயா.

பி.கு.: தபால்ல போட்டா வியாழக்கிழமைக்குள்ள போய்ச் சேருமாடான்னு உங்க நைனாவை ஒரு வார்த்தைதான் கேட்டேன். பருப்பைக் கீழ கொட்டிட்டு சாவியோட நிக்கிறான். ஒரு கடுதாசிக்குப் போக வர நூத்திநாப்பது கிலோமீட்டர்! திட்டத்தான் எழுந்தேன், எப்படியோ புடவை மாத்திக்கினேன். நீ இந்தக் கடுதாசியைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் உன் ஹாஸ்டல் கேட்டுல வெக்கத்துல வண்டியை விட்டு இறங்க மாட்டேன், சீக்கிரம் படி. அப்பால, வியாழக்கிழமை நீ மேடையில நிக்கிற மாதிரி புதுசா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போன்ல வந்தா செவுத்துல மாட்ட முடியாது. வந்து வாங்கிக்கோங்கன்னு மட்டும் இந்த வீட்டுல யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு, தபால்லயே போடு.