கையிருப்பு இருபது, கிடைப்பது பூஜ்யம்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் கோபுரங்களையும் பாலங்களையும் வைத்து அளப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். கிடங்கில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்டால், எவ்வளவு யோசித்துப் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்தக் கணக்கில் உலகத்திலேயே நாகரிகம் முற்றிப்போன இடம் எங்கள் நிறுவனம். அதன் 'பொருள் இருப்பு விதிகள் பிரிவு'க்குத் தலைவன் அடியேன்.

நாங்கள் விற்பது நோயாளிகளுக்கான சாமான்கள்: கட்டில், ஊன்றுகோல், சக்கர நாற்காலி. ஊரின் நான்கு திசையிலும் நான்கு கிடங்குகள். முன்பெல்லாம் யாராவது வந்து கேட்டால் கிடங்குக்காரர் திரும்பிப் பார்ப்பார், இருந்தால் கொடுத்துவிடுவார். என்ன காட்டுமிராண்டித்தனம்! ஒரு நாள் நாற்காலி தீர்ந்துபோய், வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இனிமே நம்ம கிடங்குல 'தீர்ந்துபோச்சு'ங்கிற பேச்சே வரக்கூடாது" என்றார்.

வரவில்லை. கூட்டம் மேல் கூட்டம் போட்டு விதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஒவ்வொரு கிடங்கிலும் கடைசி ஐந்து நாற்காலிகள் 'பாதுகாப்பு இருப்பு'. அவற்றை விற்கக் கூடாது. இங்கே ஐந்துதான் என்றால் பக்கத்துக் கிடங்கைக் கம்ப்யூட்டரே பார்க்கும். அங்கேயும் ஐந்துதான் என்றால் அடுத்தது. நான்கிலும் அப்படியே என்றால், பணிவோடு 'இல்லை' என்று சொல்லும். அன்றுமுதல் எங்களிடம் நாற்காலி தீர்ந்ததே கிடையாது. முதலாளி எனக்குக் கேடயம் கொடுத்தார்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அத்தான் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். மறுநாள் காலை அவர்களுடைய ஒரே மகளுக்குப் பட்டமளிப்பு விழா.

"டேய், ஒரு வீல்சேர் வேணும். உன் அத்தான் விழாவுக்கு வந்தே தீருவேன்னு அடம் பிடிக்கிறார்."

திரையைப் பார்த்தேன். 'கையிருப்பு: இருபது. கிடைக்கக்கூடியது: பூஜ்யம்.' என்ன தெளிவு!

"இல்லக்கா."

"இருபதுன்னு இப்பதானே முணுமுணுத்தே?"

"இருக்கு. ஆனா கிடைக்காது."

"அப்புறம் யாருக்குடா வச்சிருக்கீங்க?"

"திடீர்னு யாருக்காவது அவசரமா தேவைப்பட்டா?"

"எனக்குத் திடீர்னு அவசரமா தேவைப்படுதே!"

"உனக்குக் கொடுத்துட்டா, அந்த யாரோ வந்து கேட்டா என்ன பண்றது?"

போனை வைத்துவிட்டாள். எனக்கு மனசு உறுத்தியது. என்னைப் படிக்க வைத்தவரே அத்தான்தான். விதிவிலக்கு தரும் அதிகாரம் யாருக்கு என்று விதிகளைப் புரட்டினேன்: எனக்குத்தான். கேட்பவர் உறவினர் என்றால் நான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்தது. எழுதிய மகானும் நானே.

கொஞ்ச நேரத்தில் கிழக்குக் கிடங்குக்காரர் கூப்பிட்டார்.

"சார், உங்க அக்கா இங்க வந்து ஒரு வீல்சேர்ல உட்கார்ந்துட்டாங்க. எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க."

பதறிப்போனேன். "உட்கார்ந்தா அது 'பயன்படுத்திய பொருள்' ஆயிடுமே! உடனே பரிசோதனைக்கு அனுப்புங்க."

"அவங்களோடயா சார்?"

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி எழுப்பிவிட்டார்கள். நாற்காலி பரிசோதனைக்குப் போனது. கிழக்கில் இருப்பு நான்காகக் குறைந்ததும் கம்ப்யூட்டர் அபாய மணி அடித்தது. பிரிவு மொத்தமும் அவசரக் கூட்டத்துக்கு ஓடினோம். ஐந்து என்றால் ஐந்துதானா, நான்கையும் ஐந்தாகக் கருதலாமா என்று மாலைவரை அலசி, துணைக் குழு ஒன்று அமைத்துவிட்டு நிம்மதியாக என் அறைக்குத் திரும்பினேன். மேஜை இருந்தது. என் சுழல் நாற்காலியைக் காணோம்.

"உங்க அக்கா தள்ளிட்டுப் போனாங்க சார்" என்றார் வாட்ச்மேன். "உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

மறுநாள் விழா மண்டபத்துக்குப் போனேன். முன்வரிசையில், கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, என் சுழல் நாற்காலியில் ராஜா மாதிரி வீற்றிருந்தார் அத்தான். மகள் மேடையேறியபோது கைதட்டிய வேகத்தில் ஸ்டூலிலிருந்து கால் நழுவி, நாற்காலியோடு அரைச் சுற்று சுற்றிவிட்டார். அக்கா பிடித்து நிறுத்தினாள். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே!

"அக்கா, அது ஆபீஸ் சொத்து" என்று காதோடு சொன்னேன். "இத்தனை வருஷத்துல நான் அதை விட்டு எழுந்ததுகூட அபூர்வம்."

அக்கா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தெரியும்டா. இன்னைக்குத்தான் அது ஒரு மனுஷனுக்கு உபயோகப்படுது."