தன்னம்பிக்கைக் கூட்டத்தில் ஒரு பிணம்

தன்னம்பிக்கைப் புத்தகங்களை நாலு பேர் பார்க்கும்படி படிப்போம். கொலைக் கதைகளை நாலு பேர் பார்க்காதபடி படிப்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றவள் நான். (அப்போது அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் மேனேஜர் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வேறு ஆளாகத் திரும்பியிருந்தார். வந்ததும் எல்லோருக்கும் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் கொடுத்தார். அட்டையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் மலையுச்சியில் கைகளை விரித்து நிற்பார். (அந்த ஷூவோடு எப்படி ஏறினார் என்பதுதான் எனக்கு வந்த ஒரே சந்தேகம்.) சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் அதில் தனக்குப் பிடித்த பக்கத்தை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் வாடகை நூலகத்துக் கொலைக் கதை என்றால், எண்ணூர் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டுகூடப் படிப்பேன். ஆபீசில் கதைப் புத்தகம் கூடாது என்பது மேனேஜரின் சட்டம். அதனால் கோட்டுக்காரர் அட்டையைப் பக்குவமாகக் கழற்றி என் நாவலுக்குப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் நான் அதில் மூழ்கியிருப்பதைப் பார்த்து மேனேஜர் நெகிழ்ந்தே போனார்.

அந்த நெகிழ்ச்சிதான் வினையானது. ஒரு சனிக்கிழமை, வாசிக்க வேண்டியவர் லீவு.

"எப்பவும் அந்தப் புக்கும் கையுமா இருக்கிற பொண்ணு நீதான். வாம்மா! நீ எப்படிப் படிக்கிறேன்னு பார்த்துட்டுதான் உன் வேலையை நிரந்தரம் பண்ணலாமான்னு முடிவு பண்ணப்போறேன்" என்றார் சிரித்தபடி.

ஷெட்டில் டிரைவர்களும் லோடுமேன்களும் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் கிரேன் ஓட்டும் தாஸ் அண்ணன் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். புத்தகத்தைத் திறந்தேன். அட்டையை மேனேஜர் பார்த்தார். பக்கத்தை நான் பார்த்தேன். வேறு வழியில்லை.

"'கதவு திறந்தே இருந்தது...'"

"ஆஹா! வாய்ப்பின் கதவு!" என்றார் மேனேஜர்.

"'உள்ளே ஒரே இருட்டு.'"

"அறியாமை!"

"'தரையில் அவன் கிடந்தான்.'"

"தோல்வி! விழலாம், ஆனா எழுந்திருக்கணும்!"

"'அவன் இனி எழுந்திருக்கப் போவதில்லை. கழுத்தில் நைலான் கயிறு இறுகியிருந்தது.'"

மேனேஜர் கொஞ்ச நேரம் கயிற்றோடு போராடினார். பிறகு என்னிடமே கேட்டார்: "கெட்ட... கெட்ட பழக்கமா?"

மாட்டிக்கொண்டேன் என்று புத்தகத்தை மூடினேன். தாஸ் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"இன்னாமா மூடிட்ட? அப்பால இன்னா ஆச்சு?"

"தாஸ், இது வந்து..." என்று மேனேஜர் எழுந்தார்.

"நீ கம்முனு இரு சார். அங்க ஒருத்தன் செத்துக் கெடக்கிறான்!"

ஷெட் முழுவதும் "படி, படி" என்றது. போகிற வேலை கௌரவமாகப் போகட்டும் என்று நிமிர்ந்து நின்று படித்தேன். இன்ஸ்பெக்டருக்குக் கட்டைக் குரல், விதவைக்கு விம்மல். கேட்டில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "நிக்கட்டும் நைனா, நாடியைப் புடிக்கச்சொல்ல டாக்டரு கை நடுங்குதுல்ல" என்றார் ஒருவர். அத்தியாயம் முடிந்ததும் விசில் பறந்தது. கோட்டுக்காரருக்கு ஒருநாளும் யாரும் விசில் அடித்ததில்லை.

மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மலையேறியவரின் அட்டையைக் கழற்றினார். உள்ளே தலைவிரி கோலத்தில் ஒரு பெண்ணும் ரத்தம் சொட்டும் கத்தியும். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டாக்டர்தானே?" என்றார், ரகசியமாக.

"தெரியல சார். இன்னும் முடிக்கல."

"திங்கட்கிழமை தரேன்" என்று புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கேட்டிலேயே யார்டு மொத்தமும் அவரை வளைத்துக்கொண்டது. "யாரு சார்? சொல்லு சார்!" மனிதர் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. "மச்சினன்டா!" என்று கத்தினார். எழுந்த கூச்சலில் டாக்டர்மேல் சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் அவரிடமே சண்டைக்குப் போனார்கள். அத்தனை பேர் தன்னைச் சூழ்ந்து நின்று பேசியதில் அவர் முகம் மலர்ந்திருந்தது. அன்று மத்தியானமே என் வேலை நிரந்தரமானது. அந்த யார்டில் இருந்தவரை சனிக்கிழமை வாசிப்பு என் பொறுப்பு. ஒருவரும் லீவு போட்டதில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் "ஐயோ" என்பதில்லை. மூலைக்கொருவராக "அறியாமை!" என்று கத்துகிறோம். போன வாரம் போனபோது மெழுகுவத்தி தேடப் போன என் கணவர் ஸ்டூலில் இடித்துக்கொண்டு விழுந்தார். எங்கள் மகள் இருட்டிலிருந்தே ஆறுதல் சொன்னாள்: "விழலாம்ப்பா. கழுத்துல கயிறு இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ."