எல்லைக் கல்லில் நின்ற வண்டி

சரக்கு ரயில் வண்டியைக் கைமாற்றி வாங்குவது, சம்பந்தம் பேசி முடிப்பதைவிடப் பொறுப்பான காரியம் என்று மாற்று யார்டில் வேலை பார்ப்பவர்கள் நம்புகிறார்கள். கல்யாணத்தில் குறை வந்தால் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வண்டியில் குறை வந்தால் இரண்டு கம்பெனியும் உட்கார்ந்து பேசும். அதோடு சரி.

மேட்டுப் பக்கம் ஒரு ரயில் கம்பெனி, பள்ளத்துப் பக்கம் இன்னொரு ரயில் கம்பெனி, நடுவே மாற்று யார்டில் ஓர் எல்லைக் கல். மேட்டுக் கம்பெனியின் எஞ்சின் சரக்கு வண்டிகளைக் கல் வரை தள்ளிவிட்டுத் திரும்பும். பள்ளத்துக் கம்பெனியின் எஞ்சின் வந்து இழுத்துப் போகும். வழியில் உடைந்தது, நசுங்கியது, களவு போனது எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். சேதத்தை எந்தக் கம்பெனியின் ஆள் முதலில் பார்த்துச் சீட்டு எழுதுகிறாரோ, அந்தக் கம்பெனி தன் செலவில் பழுது பார்க்க வேண்டும். பொறுப்புணர்ச்சியை வளர்ப்பதற்காகப் பெரிய அதிகாரிகள் கூடி, ஏசி அறையில் ஆழ்ந்து ஆலோசித்துப் போட்ட விதி அது.

மேட்டுக் கம்பெனியின் வண்டிப் பரிசோதகருக்குக் கழுகுக்கண் என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. ஓடுகிற வண்டியின் சக்கரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பள்ளத்துக் கம்பெனியின் பரிசோதகர் அவருடைய சம்பந்தி. கழுகுக்கண்ணின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவர். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை என்பதால் மகளும், இப்போதுதான் நடை பழகும் பேத்தியும் கழுகுக்கண் வீட்டிலேயே இருந்தார்கள். வீடு யார்டுக்குக் கீழே இருந்தது. கட்டுப்பாடு தவறி ஓடும் வண்டி எதுவானாலும் ஒரு முட்டுப் பாதைக்குள் திரும்பி, அதன் முடிவில் குவித்திருக்கும் மண்மேட்டில் மோதி நிற்கும்படி ஏற்பாடு. அந்த மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு தெரு, தெருவில் முதல் வீடு அவருடையது.

தண்டவாளத்து ஓரத்தில் நடக்கிற அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. விளக்குக் கண்ணாடியைக் கல்லால் அடிப்பார்கள். வண்டி முழுக்க பெயின்ட் அடித்துக் கிறுக்குவார்கள். பிரேக் குழாயை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு டீ குடிப்பார்கள். இவர்களை நினைத்தாலே கழுகுக்கண்ணுக்கு வயிறு எரியும். மண்மேட்டின் மண்ணும் கூடை கூடையாகக் குறைந்து வந்தது. அவர் வீட்டுப் பின்னறையைக் கட்டிய வருஷம் அது சற்று அதிகமாகவே குறைந்தது. ஆனால் அது குடும்ப விஷயம், இங்கே எதற்கு?

ஒருநாள் மேட்டுக் கம்பெனியின் யார்டு மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"நம்ம கம்பெனியிலயே அதிகமா சேதம் பாத்தது யாருன்னு தெரியுமா?"

"நான்தான் சார்," என்றார் கழுகுக்கண், பாராட்டை எதிர்பார்த்து.

"நீங்க பாக்கறதுக்கு முன்னாடி அந்த வண்டிங்க எப்படி இருந்துச்சு?"

"உடைஞ்சுதான் சார் இருந்துச்சு."

"அப்ப கம்பெனிக்குச் செலவு ஆச்சா?"

"ஆகல சார்."

"நீங்க பாத்த பிறகு?"

"ஆச்சு சார்."

"அப்ப நஷ்டத்துக்குக் காரணம் கல்லெறிஞ்சவனா, நீங்களா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

கழுகுக்கண் யோசித்தார். யோசிக்க யோசிக்க, தான்தானோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. மறுவாரம் "ஊழியர் கண் நலப் பாதுகாப்புத் திட்டம்" தொடங்கப்பட்டு, பரிசோதகர்கள் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வழங்கப்பட்டது. பள்ளத்துக் கம்பெனி சளைத்ததா? அது இன்னும் கறுப்பாக ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தது.

அதன் பிறகு மாற்று யார்டில் பரிசோதனை மிகவும் சுமுகமாக நடந்தது. சம்பந்திகள் இருவரும் கறுப்புக் கண்ணாடியோடு வண்டிகளைத் தடவிக்கொண்டே நடப்பார்கள்.

"நல்லா இருக்கு சம்பந்தி."

"உங்க வீட்டு வண்டிக்கு என்ன குறை சம்பந்தி? ரொம்ப நல்லா இருக்கு."

மாத முடிவில் சேதம் பூஜ்யம் என்று இரண்டு தலைமையகங்களும் பெருமைப்பட்டன. கல்லெறிபவர்களுக்குத்தான் என்ன செய்வதென்று புரியவில்லை. எவ்வளவு உடைத்தாலும் யாரும் திட்டவில்லை.

இருந்தாலும் கிறுக்கலை மறைக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியையும் மீறி அது தெரிந்தது. இதற்காக இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தன. குதிரைவால் முடியும், ஒரே காதில் கடுக்கனும், கணுக்கால் தெரியும் பேன்ட்டுமாக வந்தவர், யார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது சேதமே இல்ல. இது தண்டவாளக் கலை. வெளிநாட்டுல இதை மியூசியத்துல வெச்சிருக்கான், நீங்க துடைச்சுக்கிட்டு இருக்கீங்க," என்றார். அன்றிலிருந்து பெயின்ட் அடித்த வண்டி "படைப்பு" ஆனது. அடிக்காத வண்டி "வெற்று வண்டி" ஆனது. கிறுக்கியவர்களைத் துரத்திய காவலாளி, அவர்களுக்கு ஏணி பிடிக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். பையன்களுக்கு அதிலிருந்த சுவாரசியமே போய், பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இரும்புத் தகடு ஏற்றிய ஒரு வண்டி எல்லைக் கல்லில் வந்து நின்றது. முன் சக்கரங்கள் கல்லுக்கு அந்தப் பக்கம், பின் சக்கரங்கள் இந்தப் பக்கம். கொடுத்துவிட்டோம் என்றது மேட்டுக் கம்பெனி. முழுசாக வரவில்லையே என்றது பள்ளத்துக் கம்பெனி. சக்கரத்துக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகள் வைத்திருந்தார்கள்.

வெயிலில் வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிய கழுகுக்கண், பழக்க தோஷத்தில் வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டார். பிரேக் குழாய் இல்லை. கைப்பிரேக் சக்கரமும் இல்லை. அந்தச் சரிவில், அவ்வளவு சுமையும் இரண்டு கட்டையை நம்பி நிற்கிறது. சரிவின் கீழே மண்மேடு இருந்த இடத்தில் பாத்தி உயரத்துக்குக் கொஞ்சம் மண்தான் மிச்சம். அதற்குப் பின்னால், பேத்தி தூங்குகிற பின்னறை.

மேலாளரிடம் ஓடினார்.

"சார், கல்லுல நிக்கற வண்டியில பிரேக் இல்ல."

"கண்ணாடி எங்கே?"

"கழட்டினேன் சார். பிரேக்கே இல்ல சார், பாத்தேன்."

"இல்லாததை எப்படிப் பாத்தீங்க?"

"இருக்க வேண்டிய இடத்துல இல்லாததைப் பாத்தேன் சார்."

"இருக்கறதைப் பாத்தாலே இங்க பிரச்சனை. இல்லாததை வேற பாக்க ஆரம்பிச்சா கம்பெனி எப்படி நடக்கும்? போய் கண்ணாடியைப் போடுங்க. அவங்க ஆளு பாத்தா எழுதட்டும்."

அவர் சம்பந்தியைத் தேடிப் போனார். சம்பந்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு வெலவெலத்துப் போனார். பேத்தி அவருக்கும் பேத்திதானே.

"ஐயையோ, உடனே சீட்டு எழுதுங்க சம்பந்தி."

"நான் எழுதினா வேலை போயிடும். நீங்க எழுதுங்க சம்பந்தி."

"பெண்ணைப் பெத்தவர் நீங்க இருக்கும்போது, நான் முந்திக்கறது மரியாதையா?"

"மாப்பிள்ளையைப் பெத்தவர் நீங்க. உங்களுக்கு இல்லாத மரியாதையா?"

இருவரும் ஒருவரையொருவர் மனமார உபசரித்தபடி மாலை வரை நின்றார்கள். பேத்தியின் மேல் இருவருக்கும் உயிர்தான். ஆனால் பென்ஷனும் நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் மகளிடம் பேசிப் பார்த்தார். "பாப்பாவைத் தூக்கிக்கிட்டு கொஞ்ச நாள் உன் மாமனார் வீட்டுல இரும்மா."

"எதுக்குப்பா?"

"மேல ஒரு வண்டி நிக்குது."

"ரெண்டு கம்பெனி ஆளுங்களும் தினம் பாத்துக்கிட்டுதானே இருக்காங்க? அதுல நீங்களும் ஒருத்தர்," என்றாள் மகள்.

மறுநாள் பட்டப்பகலில், ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்டோடு அவர் வண்டியில் ஏறினார். யார்டில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் மறைந்து செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆளுயர எழுத்தில் 'பிரேக் இல்லை' என்று வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுதினார். ஏணியைக் காவலாளி பிடித்துக்கொண்டார். அதிகாரிகள் பார்ப்பது படைப்பைத்தானே, பார்க்கட்டும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். பார்த்தார்கள்.

ஆலோசகர் வண்டி முன்னால் நின்று கண் கலங்கினார். "பிரேக் இல்லை. இந்த ரெண்டே வார்த்தையில இன்னிக்கு மனுஷனோட மொத்த வாழ்க்கையும் அடங்கியிருக்கு," என்றார். மேலாளர்கள் இருவரும் தலையாட்டினார்கள். அதுவரை வேண்டாத பிள்ளையாக நின்ற வண்டியை, எங்கள் வண்டி எங்கள் வண்டி என்று இரண்டு கம்பெனியும் உரிமை கொண்டாடின. கடைசியில் கூட்டாக ஓர் அறிமுக விழா நடத்துவது என்று முடிவாயிற்று.

விழாவுக்குத் தெருவே திரண்டு வந்தது. பழரசம் இலவசம். கழுகுக்கண் கெஞ்சிக் கூத்தாடி மகளையும் பேத்தியையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வரச் செய்திருந்தார். நாடாவை வெட்டப் போன மேட்டு மேலாளர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இவ்வளவு உயர்ந்த படைப்புக்குக் கீழே அழுக்குக் கட்டை எதுக்கு? எடுங்கப்பா."

"எடுக்காதீங்க சார், பிரேக் இல்ல," என்று கத்தினார் கழுகுக்கண்.

"பாத்தீங்களா, மக்களை எப்படித் தொட்டிருக்கு," என்று ஆலோசகர் கை தட்டினார். கூட்டமும் கை தட்டியது. "பிரேக் இல்லை, பிரேக் இல்லை" என்று தாளம் போட்டுச் சொன்னது. அவர் கத்தக் கத்தக் கூட்டத்துக்கு உற்சாகம் கூடியது. கட்டைகளை எடுத்தார்கள்.

வண்டி அவசரப்படவில்லை. சபையை ஒருமுறை பார்த்துக்கொண்டது போல லேசாகக் குலுங்கிவிட்டு நகர்ந்தது. பின் சக்கரங்கள் எல்லைக் கல்லைத் தாண்டியதும், "முழுசா அந்தப் பக்கம் போயிடுச்சு" என்று மேட்டு மேலாளர் பெருமூச்சு விட்டார். பள்ளத்து மேலாளர் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வண்டி முட்டுப் பாதைக்குள் திரும்பி, மண்மேடு இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கடந்து, கழுகுக்கண் வீட்டுப் பின்னறைச் சுவரை உடைத்துக்கொண்டு, தொட்டில் தொங்கிய இடத்தில் போய் நின்றது. கூட்டம் அப்போதும் கை தட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் மேலாளர்கள் இருவரும் வந்தார்கள். மகள் பேத்தியை இறுக அணைத்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கழுகுக்கண் குரலை உயர்த்திக் கேட்டார்.

"இதை யார் எடுக்கறது? இந்தச் சுவருக்கு யார் பொறுப்பு?"

மேட்டு மேலாளர் அமைதியாகக் கேட்டார். "வண்டி இப்ப யார் எல்லைக்குள்ள நிக்குது?"

"என் வீட்டுல."

"சேதத்தை முதல்ல பாத்தது?"

"நான்தான்."

"அப்ப விதிப்படி வண்டியை நீங்க பெற்றுக்கிட்டீங்க. உங்க செலவுல பழுது பாத்துத் திருப்பிக் கொடுக்கணும்."

பள்ளத்து மேலாளர் உடைந்த சுவரின் பூச்சை நகத்தால் சுரண்டி, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"மண்மேட்டுல இருந்த மண்ணு எங்க போச்சுன்னு எங்க கம்பெனி ரொம்ப நாளா யோசிக்குது. இந்த மண்ணு நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

வாசலில் நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் வீட்டுச் சுவர்களை நினைத்துக்கொண்டார்கள். கழுகுக்கண் மெல்லச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்த வண்டி சார்?" என்றார்.

மேலாளர்கள் முகத்தில் நிம்மதி பரவியது. அவர்களும் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். வண்டி காணப்படவில்லை, சேதமும் காணப்படவில்லை என்று இரண்டு கம்பெனியும் மனம் ஒத்து முடிவு செய்தன. மாற்று யார்டின் சரித்திரத்தில் ஒரு வண்டிக்கு யார் பொறுப்பு என்பதில் அவை ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

வண்டி இன்னமும் அங்கேயேதான் நிற்கிறது. அதன் மேல் துணி காயப் போடுகிறார்கள். ஏற்றியிருந்த இரும்புத் தகடுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தன; தெருவில் பல வீடுகளுக்குப் புதுக் கூரை வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. முனைக் கடையில் கறுப்புக் கண்ணாடி நன்றாக விற்கிறது.

ஒருநாள் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேத்தி தட்டுத்தடுமாறி எழுந்து, பின்னறைப் பக்கம் விரலை நீட்டி, "வண்டி" என்றது. அது பேசிய முதல் வார்த்தை. எல்லோருடைய கையும் பாதி வழியில் நின்றுவிட்டது. மகள் அப்பாவைப் பார்த்தாள். சம்பந்தி கூரையைப் பார்த்தார். கழுகுக்கண் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்களையே வெகுநேரம் பார்த்தார். அப்படியே தன்னுடைய கண். பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் முனைக் கடைக்குப் போய், குழந்தைகளுக்கான அளவில் கண்ணாடி இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லா அளவிலும் இருந்தது.