காலை எடுத்தால் சார்ஜ் ஏறும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாகக் குழுவைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம் என்பது, ஒரு குழுவின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில், என் பணிவான கருத்து.

எங்கள் குழுவின் முழுப்பெயர் 'அலுவலக மின்காரின் ஆற்றல் சிக்கனக் குறைவு குறித்த உயர்நிலை ஆய்வுக் குழு'. இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் செயலாளர் பதவி என்னைத் தேடி வந்தது.

மற்ற அலுவலகங்களில் ஒழுங்காக வேலை நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. போய்ப் பார்ப்பதற்காக ஒரு மின்கார் வாங்கினோம். ஒருமுறை முழுக்கச் சார்ஜ் ஏற்றினால் நானூறு கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. எங்களிடம் வந்த பிறகு இருநூற்று முப்பதுதான் ஓடியது. மீதி நூற்று எழுபது கிலோமீட்டர் எங்கே போனது? அவ்வளவு வழுவழுப்பான தாளில் யாரும் பொய்யை அச்சடிக்க மாட்டார்கள். ஆகவே அதை யாரோ வீணாக்கியிருக்க வேண்டும். காரில் எப்போதும் இருக்கிற ஆள் ஒருவர்தான். அவர் ஓட்டுநர்.

ஓட்டுநரை அலுவலகத்தில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவோம். மடியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. அதை நீட்டிக்க வேண்டுமென்றால், 'மின்சாரம் வீணாவதற்கு இவர் காரணமல்ல' என்று எங்கள் குழு எழுதித் தர வேண்டும். அவர் மகள் அந்த வருடம்தான் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள்.

"தம்பி, பெருசா ஒண்ணும் வேண்டாம். நான் சொல்றத அப்படியே எழுதினாப் போதும்" என்றார் என்னிடம்.

"அதுக்குத்தானே அண்ணே நான் இருக்கேன்" என்றேன். அதை நான் மனதாரத்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் அதுதான் சங்கடமாக இருக்கிறது.

முதல் கூட்டத்துக்கே ஒரு தடங்கல் வந்தது. எங்களுடையது மலையூர், அதுவும் குளிர்காலம். கூட்ட அறையின் ஜன்னல் மூடாது. அதைச் சரிசெய்வது குறித்து ஆராயும் குழு இன்னும் கூடவில்லை. அப்போதுதான் குழு உறுப்பினரான கொள்முதல் அதிகாரிக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது.

"வண்டியில ஹீட்டர் இருக்கே சார். அங்கயே உட்காருவோம். ஆய்வுக்கும் நேரடியா இருக்கும்."

அப்படியாக, ஆய்வுக்குரிய பொருளின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து ஆய்வு செய்த முதல் குழு என்ற பெருமை எங்களைச் சேர்ந்தது. குழுத் தலைவர் முன் இருக்கையில் சாய்ந்துகொண்டார். பின்னால் கொள்முதல் அதிகாரியும் பணியாளர் பிரிவு மேடமும். ஓட்டுநர் இருக்கை எனக்கு. ஸ்டீயரிங்கின் மேல் குறிப்பேட்டை வைத்து எழுதினேன். கொஞ்சம் அழுத்தி முற்றுப்புள்ளி வைத்தால் ஹாரன் அடித்தது. நிதானம் வெளியே, தூணோரமாக, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு வெதுவெதுன்னு இருக்கு! யோசனை தன்னால வருது" என்றார் தலைவர்.

"சார், ஹீட்டர் ஓடினா சார்ஜ் குறையுமே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நிக்கிற வண்டிக்கு என்னய்யா செலவு?" என்றார் கொள்முதல் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயலாளர் சிரிக்காமல் இருந்தால் கூட்டம் ஒருமனதாக நடந்ததாகாது.

அன்று மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. நாம் சிக்கனமாக இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்று மேடம் கேட்டதால், 'ஆற்றலைச் சேமிப்போம்' என்று எழுதிய ஆறடிப் பலகை ஒன்றை வண்டியின் கூரைமேல் நிமிர்த்தி வைப்பது முதல் தீர்மானம். சிக்கனம் பற்றிய விழிப்புணர்வுக் கையேடுகள் எட்டுக் கட்டு அச்சடித்து, போகிற இடத்திலெல்லாம் கொடுக்க டிக்கியில் நிரந்தரமாக வைத்திருப்பது இரண்டாவது. தலைவருக்கு இடுப்புவலி. வண்டி குலுங்காமல் இருக்க டயரில் காற்றைப் பாதியாகக் குறைப்பது மூன்றாவது. காற்றையும் சிக்கனமாகச் செலவிடுகிறோம் என்று அதைக் குறிப்பில் அழகாக எழுதியவன் நான்தான்.

அதன் பிறகு, கதவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் போல, வண்டி காற்றைத் தள்ளிக்கொண்டு போனது. இருநூற்று முப்பது, நூற்றுத் தொண்ணூறானது. ஓட்டுநர்மேல் குழுவுக்கு இருந்த சந்தேகம் வலுத்தது.

இரண்டாம் கூட்டத்தில் ஓட்டுநரின் வாக்குமூலம். சூடு வெளியே போய்விடக் கூடாது என்பதால் கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கினோம். அந்தச் சந்து வழியாக அவர் பேசினார்.

"சார், மேல இருக்கிற பலகையக் கழட்டிடுங்க. காத்தடிச்சு இழுக்குது. டயர்ல காத்து சரியா இருக்கணும். டிக்கியில இருக்கிற பாரத்த இறக்கணும். அப்புறம், இந்த வண்டிய மிதி மிதின்னு மிதிச்சு, கடைசி நிமிஷத்துல பிரேக் அடிக்கக் கூடாது சார். தூரத்துலயே சிக்னலப் பாத்து மெல்லக் கால எடுத்தாப் போதும். வேகம் தன்னால குறையும், சார்ஜும் கொஞ்சம் திரும்ப ஏறும்."

"யார் மிதிக்கச் சொன்னது?" என்று கேட்டார் தலைவர்.

"நீங்கதான் சார். தினம் லேட்டாக் கிளம்பி, 'மிதிய்யா, மிதிய்யா'ன்னு..."

தலைவர் கண்ணாடியை ஏற்றினார். ஓட்டுநரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. குரல் கேட்கவில்லை.

பேச்சுத் தமிழைக் குறிப்பில் எழுதக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. வளவளவென்றும் எழுதக் கூடாது. பலகை, டயர், டிக்கி எல்லாம் ஏற்கெனவே நிறைவேறிய தீர்மானங்கள். அவற்றைக் குறை சொல்வதைக் குறிப்பில் ஏற்றுவது முறையாகாது. எஞ்சியதை நல்ல தமிழில் ஒரே வரியாகச் சுருக்கினேன்: 'காலை எடுத்தால் சார்ஜ் ஏறும் என ஓட்டுநர் தெரிவித்தார்.' ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

மூன்றாம் கூட்டத்தில் தலைவர் அதை உரக்க வாசித்தார். "காலை எடுத்தால் சார்ஜ் ஏறும்." ஒரு கணம் கண்ணை மூடினார். "பாத்தீங்களா? நாம வண்டிய மத்தியானம் எடுத்துக்கிட்டிருந்தோம். அதான் விஷயம்!"

"காலைன்னா எத்தனை மணி சார்?" என்றார் மேடம்.

இதில் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. ஒன்பது என்றார் கொள்முதல் அதிகாரி. ஒன்பது என்பது முற்பகல், காலை அல்ல என்றார் மேடம். சீக்கிரம் எடுத்தால் நிறைய ஏறும் என்று தலைவர் ஐந்தரைக்கு முடித்து வைத்தார். நான் வாயைத் திறந்தேன். தலைவர் வாசித்து, விளக்கி, மகிழ்ந்துவிட்ட ஒரு வரிக்கு வேறு பொருள் உண்டென்று சொல்வது அவையடக்கமாக இருக்காது என்று தோன்றியது. திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் முதல் நிதானம் ஐந்தரைக்கு வண்டியை எடுத்தார். பூட்டிக் கிடக்கும் அலுவலகங்களின் வாசலில் போய் நின்றார். கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினார். நூற்றுத் தொண்ணூறு, நூற்று ஐம்பதானது.

நாலைந்து நாள் கழித்து என் மேசைக்கு வந்தார். விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"குளிர்ல பேட்டரி விறைச்சுப் போயிடும் தம்பி, மனுஷன் மாதிரிதான். நான் சொன்னது பெடல்ல இருந்து கால எடுக்கிறத. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணே."

"அப்ப சொல்லக் கூடாதா?"

"அடுத்த கூட்டத்துல திருத்தம் கொண்டு வர்றேன்."

"மாசக் கடைசிக்குள்ள வந்துடுமா?"

"வந்துடும் அண்ணே" என்றேன். அவர் என்னை நம்பிப் போனார்.

கடைசிக் கூட்டத்துக்கு, வண்டி வாங்கிய நிறுவனத்திலிருந்து சர்வீஸ் பொறியாளர் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு கருவியைச் செருகி வண்டியின் ஞாபகத்தை வெளியே எடுத்துத் தாளாகக் கொடுத்தாள்.

"சார், நூத்துல முப்பத்தெட்டுப் பங்கு வண்டி நிக்கும்போதே செலவாகியிருக்கு. ஹீட்டர். யாரோ மணிக்கணக்கா உள்ள உட்கார்ந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். "அப்புறம் இந்த டிரைவர் ஓட்டுற விதம் ரொம்ப அருமை சார். இவர் காலால மிச்சம் பிடிச்சிருக்கலேன்னா நூறுகூடத் தாண்டியிருக்காது."

அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பினோம். ஹீட்டர் மெல்ல மூச்சுவிட்டது. உண்மை நால்வருக்கும் நடுவில், கியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

மேடம்தான் முதலில் பேசினார். "ஒரு சந்தேகம். நிக்கும்போது மின்சாரம் வீணாப் போயிருக்கு. அப்ப ஓட்டுநர் எங்க இருந்தார்?"

"வெளிய நின்னுக்கிட்டு இருந்தார்" என்றார் கொள்முதல் அதிகாரி.

"வண்டிக்குப் பொறுப்பு அவர். வீணாகுறப்ப வண்டியிலயே இல்ல!"

தலைவர் தொடையில் தட்டினார். "பாயின்ட்!" பிறகு என் பக்கம் திரும்பினார். "செயலாளர் ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். காலை என்றால் கால், சார். அவ்வளவுதான். என் பதவி உயர்வுக் கோப்பு அந்த வாரம் தலைவரின் மேசையில் இருந்தது என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"இல்ல சார்" என்றேன். 'ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. ஹாரன் அடித்தது.

தூணோரம் நின்றிருந்த நிதானம் ஓடி வந்து கண்ணாடியில் தட்டினார். "கூப்பிட்டீங்களா சார்?"

யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.

மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்க என் மேசைக்கு வந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

"சார், நான் கால எடுக்கச் சொன்னேன். நீங்க கால வாரிட்டீங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

கடமை என்று ஒன்று இருக்கிறதே. இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை, ஒரு சொல்லையும் விடவில்லை. 'செயலாளர் காலை வாரினார் என ஓட்டுநர் தெரிவித்தார்' என்று நல்ல தமிழில் எழுதித் தலைவருக்கு அனுப்பினேன். யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்களா என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் தலைவர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "காலை வாரினாராமே! எழுந்து அப்படியே ஆபீஸுக்கு வர்ற ஆளுங்க மத்தியில, தினம் காலையில ஒழுங்கா தலை வாரிக்கிட்டு வர்றீங்கன்னு ஒரு ஓட்டுநரே கவனிச்சுச் சொல்லியிருக்கார் பாருங்க."

மேடம் அதை என் கோப்பில் நற்சான்றாகச் சேர்த்தார். பதவி உயர்வும் வந்தது. ஓட்ட ஆளில்லாததால் மின்கார் ஓடுவதில்லை. ஓட்டத்தில் ஒரு துளி மின்சாரம்கூட வீணாகாத ஒரே வண்டி என்று அதற்கு இந்த வருடம் சிக்கன விருது கிடைத்திருக்கிறது. கூட்டங்கள் வழக்கம்போல உள்ளே நடக்கின்றன.

ஓட்டுநர் இருக்கையில் நான்தான் உட்காருகிறேன். குறிப்பைத் திருத்தச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த நற்சான்றுக்கு உண்மையாக நடந்துகொள்கிறேன். ஒவ்வொரு காலையும் தவறாமல் வாருகிறேன்.