கவிழ்த்து ஒட்டிய கடல்

தெருமுனைச் சுவரில் கடலையே கொண்டுவந்து நிறுத்தப்போவதாக ஓவியர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஓட்டுத்துண்டுகளைப் பதித்துப் படம் செய்வது அவர் தொழில். நல்ல மொட்டைச் சுவராகவும் கிடைத்துவிட்டது. கடலுக்கு வேண்டிய நீலம்தான் எந்தக் கடையிலும் அகப்படவில்லை.

அந்த நீலம் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. மனைவியின் பீங்கான் தட்டுகள். விருந்தாளிக்கே எடுக்கமாட்டாள்; புருஷன் எம்மாத்திரம்?

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, தட்டுகளைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் நாலு போடு போட்டார். துண்டுகளைக் காகிதத்தில் கவிழ்த்து ஒட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. சுவரில் ஏறிவிட்டால் கடை ஓடுதான் என்று சாதித்துவிடலாம்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கடல்னீங்க, ஒரே வெள்ளையா இருக்கு?"

"தொழில் நுணுக்கம்டி! முதுகுதான் இப்பத் தெரியும். அப்படியே சுவத்துல பதிச்சு, காகிதத்தை நனைச்சு உரிச்சாத்தான் முகம் தெரியும். அதுவரைக்கும் எது என்னன்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அவள் ஒரு துண்டை விரலால் தடவினாள். தட்டின் அடிவளையம். வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து அடுக்கிய கைக்குத் தெரியாதா? கடல் நடுவே படகுக்காரன் உருவத்துக்காக விட்டிருந்த வெற்றிடத்தைக் காட்டினாள்.

"படகுக்காரனை நான் ஒட்டட்டுமா?"

ஓவியருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. துளிகூடச் சந்தேகப்படவில்லையே! படகுக்காரனை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாகக் குட்டித்தூக்கம் போட்டார்.

திறப்பு நாளில் நகராட்சி அதிகாரியும் தெருவும் கூடி நிற்க, சுவரில் பதித்திருந்த படத்தின் காகிதத்தை ஓவியர் நனைத்து உரித்தார். கடல் பளபளத்தது. அவரே சொக்கிப்போனார். அப்படியே படகுப் பக்கமும் உரித்தார்.

வழுக்கைத் தலை. மூக்குக் கண்ணாடி. திருட்டு முழி. தோளில் சாக்கு, கையில் சுத்தியல், காலடியில் உடைந்த நீலத் தட்டு.

"சார், இது நீங்கதானே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தெருவே சிரித்தது.

"அடிப்பாவி, சிமெண்ட் இறுகிப்போச்சே! இனி எப்படி எடுக்கிறது?"

"என் தட்டு திரும்ப ஒட்டுமா? அதே மாதிரிதான்" என்றாள் அவள், அமைதியாக.

அதிகாரி படகுக்காரனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதை ஒட்டினது யாரு?"

"நான்தாங்க."

"பிரமாதம்மா! என்னா முழி! அடுத்த சுவரும் உங்களுக்குத்தான்."

"அப்ப நான்?" என்றார் ஓவியர்.

அதிகாரி யோசிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"கூட இருக்கட்டுங்க. நல்லா உடைப்பாரு."