தெருமுனைக் கல்லுக்கு ஒரு வரலாறு

உலகில் நடுநிலை என்ற ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், அது சமய வரலாற்றுக் கழகத்தின் இரண்டாம் மாடியில், பேராசிரியரின் மேசைமேல்தான் இருக்கிறது. அவர் எந்த மதத்தையும் சேராதவர். தேவாலயத்துக்குப் போவதைப் பதினெட்டு வயதிலேயே நிறுத்திவிட்டார். ஞாயிறு வகுப்பில் படித்தது மட்டும் தலையில் தங்கிவிட்டது: உலகம் ஒருநாள் தொடங்கியது, ஒருவர் வந்து உண்மையைச் சொன்னார், அது நூலானது, மனிதர்கள் கெடுத்தார்கள், ஒருநாள் எல்லாம் முடியும். இதற்கு அவர் இப்போது வைத்திருக்கும் பெயர் ‘ஆய்வு முறை’.

சாலையை அகலப்படுத்தக் கிளம்பிய நகராட்சிக்குத் தெருமுனையில் ஒரு கல் இடைஞ்சலாக இருந்தது. அது வழிபாட்டு இடம்தான் என்று கழகம் சொன்னால் கல் பிழைக்கும். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுபவர், பேராசிரியரின் மாமியார்; பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளை இருக்கக் கவலை எதற்கு என்று நிம்மதியாக இருந்தார்.

பேராசிரியர் சொந்தபந்தம் பார்க்கிறவரா என்ன? மாமியாரை முறைப்படி அலுவலகத்துக்கே வரவழைத்து, எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார்.

“உங்க மதத்தை ஆரம்பிச்சது யாரு அத்தை?”

“யாரும் ஆரம்பிக்கல மாப்பிள்ளை. கல்லு இருந்துச்சு, தண்ணி ஊத்தினோம்.”

“சரி, நீங்க எதை நம்புறீங்க?”

“நம்ப என்ன இருக்கு? கல்லு அங்கதானே இருக்கு.”

பேராசிரியர் மனம் உருகிப்போனார். நிறுவனர் இல்லாத மதம் உண்டா? இருந்திருப்பார், இவர்கள் மறந்துவிட்டார்கள். நூலும் இருந்திருக்கும், தொலைத்துவிட்டார்கள். மாமியார் கேட்காமலேயே அவருக்கு ஒரு தீர்க்கதரிசியைத் தந்து, ‘ஆதித் தூய்மை’யில் தொடங்கி ‘வீழ்ச்சி’ வழியாக ‘முடிவு’வரை நீண்ட கட்டுரை எழுதினார். அந்தத் தூய மதம் என்றோ அழிந்துவிட்டது, இன்று நடப்பது வெறும் ‘எச்சம்’ என்று கண்ணீர் மல்க முடித்திருந்தார்.

அறிஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நகராட்சியும் மரியாதையோடு படித்துப் பார்த்தது. அழிந்துபோன மதத்துக்கு வழிபாட்டு இடம் எதற்கு? மறுநாளே கல்லைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள்.

பேராசிரியர் கட்டுரையின் பிரதியோடு ஆறுதல் சொல்லப் போனார். கல் போனாலும் அதன் வரலாறு நிலைத்துவிட்டது என்றார். அழுது முகம் வீங்கிய மாமியார் கையில் வாளியோடு பள்ளத்தின் ஓரம் நின்றிருந்தார்.

“சாமியே இல்லன்னு சொல்றவங்க எத்தனையோ பேர் இந்தப் பக்கம் போயிருக்காங்க மாப்பிள்ளை. ஒருத்தரும் கல்லுமேல கை வைக்கல. எங்களுக்கும் ஒரு மதம் இருந்துச்சுன்னு நீங்க எழுதினீங்க. அப்பதான் அது போச்சு.”